நிவாரணத்துக்கு முந்திய கடமை

(காலநிலை மாற்றமும் கிழக்கிலங்கைத் திருச்சபைகளும் என்னும் பொருளில் ஆலையடிவேம்பில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் நீக்கப்பட்டுள்ளன. கேள்வி நேரத்தில் சொன்ன சில பதில்கள் உரிய இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.)



காலநிலை மாற்றத்துக்குக் கிறிஸ்தவச் சமூகம் என்ன பதில் செய்யலாம் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். அம்பாறை மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பின்னர் வந்த சபையினர் எல்லோரையும் கூட்டினாலும் அவ்வளவே. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்தக் கரையில், இத்தனை சிறிய கூட்டத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். உலகம் சூடேறுவதை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் அடுத்த மாரியில் இந்த ஊரில் யார் சாவார், யார் பிழைப்பார் என்பதில் நமக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

நம் திருச்சபைகள் நிவாரணப் பணியில் தேர்ந்தவை. 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 தொடக்கத்தில் கிழக்கு முழுவதையும் மூழ்கடித்த வெள்ளம், இடையில் போர் தந்த இடப்பெயர்வுகள் என ஒவ்வொன்றிலும் தேவாலய மண்டபங்கள் திறந்தன. சமைத்த உணவு வந்தது. பாய், படங்கு, உலர் உணவுப் பொதி வந்தது. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆயினும் அந்தத் தேர்ச்சியே நமக்கு இன்று தடையாகிவிட்டது என்று நினைக்கிறேன். அழிவு வந்தபின் ஓடுவதே ஊழியம் என்று பழகிவிட்டோம். வருமுன் செய்ய வேண்டியதெல்லாம் பிரதேச செயலகத்தின் வேலை என்று விட்டுவிட்டோம். இந்த வரிசை மாற வேண்டும். காவல் முதலில் வர வேண்டும். நிவாரணம் அதற்குப் பின்னால் வர வேண்டும். இன்றைய என் வாதம் இது ஒன்றுதான். அதை ஆறு குறிப்புகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. எதைக் காலநிலையின் கணக்கில் எழுதுவது?

முதலில் நேர்மை வேண்டும். ஆழிப்பேரலை காலநிலை மாற்றத்தால் வந்ததல்ல. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்து வந்தது. இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அதிக உயிர்களை அன்று இழந்தது நம் அம்பாறை மாவட்டம். அந்த வலியின் காரணமாகவே கடல் தொடர்பான எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறோம். ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிக்கப்பட்டு, தென்னந்தோப்பும் தோணி இழுக்கும் மணலும் கடலுக்குள் போயின. அதற்கு முதற்காரணம் ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அவை மறித்துவிட்டன. வடிகால் நிலத்தில் மண் நிரப்பி வீடு கட்டிவிட்டு, முற்றத்தில் நிற்கும் நீருக்கு வானத்தைக் குற்றம் சொல்வதும் சரியல்ல.

இவற்றைப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாப் பழியையும் காலநிலையின் மேல் போட்டால், இங்கே பொறுப்பேற்க வேண்டியவர்கள் தப்பிவிடுவார்கள்.

அப்படிக் கழித்த பின்னும் மிச்சம் பெரியது. காற்று ஒரு பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். பல நாள் பெய்ய வேண்டியது ஓரிரவில் கொட்டுவதற்கு இது ஒரு காரணம். 2024ஆம் ஆண்டு, தொழில்யுகத்துக்கு முந்திய சராசரியைவிட ஒன்றரைப் பாகைக்கு மேல் சூடான முதல் ஆண்டாகப் பதிவாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மலையகத்தில் மண்சரிவுகள் லயன்களையும் வீடுகளையும் மூடின. நம் வயற்காரருக்கோ நாள்தோறும் தெரியும் அடையாளம் வேறு. விதைப்புக்கு வர வேண்டிய மழை பிந்துகிறது. பெரும்போக அறுவடைக்கு மெஷின் இறக்கும் நேரத்தில் வயல்வட்டை நீரில் நிற்கிறது. கடல்நீர் மட்டம் உயர உயர, களப்பை ஒட்டிய கிணறுகளில் உவர் ஏறும் ஆபத்தும் கூடுகிறது.

2. யாருடைய குற்றம்?

ஓராண்டில் ஓர் இலங்கையர் சராசரியாக வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். ஓர் அமெரிக்கருக்கு அது 14 தொன் அளவில் வருகிறது. கரைவலை இழுக்கும் ஒருவரைப் பார்த்து, பூமியைக் கெடுத்த பாவத்துக்கு மனம் வருந்து என்று பிரசங்கம் செய்வது அநீதி. நம் பீடங்களிலிருந்து அந்தப் பிரசங்கம் வரக்கூடாது.

ஆனால் நமக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கரையின் மிகச் சிறிய சமூகமாக இருந்தாலும், உலகத்தோடு நேரடித் தொடர்புள்ள சமூகம் நாம். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, ஓராண்டுக்குள் இந்த மண்ணிலேயே இறந்த மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட் காலந்தொட்டு இங்கிலாந்தின் சபைகளோடு நமக்கு உறவு. பிரெஞ்சு இயேசு சபையினரும் பின்னர் அமெரிக்க இயேசு சபையினரும் இங்கே ஆயுளைக் கழித்தார்கள். அந்த நாடுகளின் சபைகள் இப்போது தம் பணம் எங்கே முதலிடப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியுள்ளன. நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களில் முதலிடுவதில்லை என்று உலகத் திருச்சபைகள் மன்றம் 2014இல் முடிவெடுத்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் நிதி அமைப்புகள் 2023இல் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிலிருந்து விலகுவதாக அறிவித்தன. காலநிலை மாற்றத்தால் வரும் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் அமைக்க 2022இல் எகிப்தில் கூடிய உலக நாடுகள் உடன்பட்டன. அடுத்த ஆண்டு துபாயில் அது செயலுக்கு வந்தது. அதில் சேரும் பணம் தேவைக்கு முன்னால் மிகச் சிறியது.

நம் சபைகள் தம் தாய்ச் சபைகளுக்கு இதுவரை நன்றிக் கடிதங்களையும் உதவி வேண்டும் கடிதங்களையும் எழுதிவந்தன. இனிச் சாட்சியக் கடிதங்கள் எழுத வேண்டும்: எந்த மாதம் எந்த வட்டை அழிந்தது, எத்தனை குடும்பம் கடனில் விழுந்தது, எந்தக் கிணறு உவரானது என்று. கைநீட்டும் உறவு கணக்குக் கேட்கும் உறவாக மாறட்டும்.

நம் நாட்டுக்குள்ளும் இந்தக் கேள்வி இருக்கிறது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத் திட்டம் வந்தபோது, தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தையும் மீனவரையும் முன்னிறுத்திக் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. ஆயினும் 900 மெகாவாற் ஆற்றலோடு அந்நிலையம் இயங்குகிறது. அன்று எழுந்த குரல் திருத்தலம் சார்ந்தது. இன்று அதே குரல் நிலக்கரியைப் பற்றி எழ வேண்டும்.

3. வேதத்தை எப்படி வாசிப்பது?

1967இல் லின் வைற் என்னும் வரலாற்றாசிரியர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மனிதன் இயற்கையை ஆளப் பிறந்தவன் என்ற மேற்கத்தியக் கிறிஸ்தவ எண்ணமே சூழல் நெருக்கடியின் வேர் என்பது அவர் குற்றச்சாட்டு. அவரே அசிசி நகர்ப் பிரான்சிசைச் சூழலியலாளரின் பாதுகாவலராகக் கொள்ளலாம் என்றும் முன்மொழிந்தார். 1979இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் அதை அறிவித்தார். பிரான்சிஸ் பாப்பரசர் 2015இல் ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலை வெளியிட்டார். 2023இல் அதன் தொடர்ச்சியாக இன்னொரு மடல் எழுதினார். வைற்றின் குற்றச்சாட்டுக்குத் திருச்சபை சொன்ன மிக விரிவான பதில் ‘லௌதாத்தோ சி’ என்பேன்.

நான் இறையியல் விரிவுரை செய்யப் போவதில்லை. மூன்று பகுதிகளை மட்டும் உங்கள் வாசிப்புக்கு விடுகிறேன். நோவாவுக்குப் பின் கடவுள் செய்யும் உடன்படிக்கை மனிதரோடு மாத்திரமன்றி, பேழையிலிருந்து இறங்கிய எல்லா உயிர்களோடும் செய்யப்படுகிறது. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கிறது. யோசேப்பின் கதையோ என் வாதத்துக்கு நேர்ச் சான்று. ஏழு வளமான ஆண்டுகளில் களஞ்சியம் கட்டியதால்தான் எகிப்து ஏழு பஞ்ச ஆண்டுகளைத் தாங்கியது. பஞ்சம் வந்தபின் கஞ்சி காய்ச்சியவராக யோசேப்பை நாம் நினைப்பதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நம் ஜெப வீடுகள் சிலவற்றில் ஒவ்வொரு வெள்ளத்தையும் புயலையும் கடைசி நாட்களின் அடையாளம் என்று போதிக்கிறார்கள். ஆழிப்பேரலைக்குப் பின், இறந்தவர்கள் தண்டனை பெற்றவர்கள் என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அப்படிச் சொல்வது கொடுமை. யோபுவின் நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள். கடவுள் அவர்களைக் கண்டித்தார். முடிவு நெருங்கிவிட்டது என்று நம்புகிறவர் கண்டல் நடமாட்டார், வாய்க்கால் வெட்டமாட்டார். ஆகவே இந்தப் போதனை உயிர்களைப் பறிக்கக்கூடியது.

4. திருச்சபை ஆண்டும் நமது மாரியும்

இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

செப்டெம்பர் 1 முதல் ஒக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று உலகத் திருச்சபைகள் கொண்டாடுகின்றன. செப்டெம்பர் முதல் நாளைப் படைப்புக்காக மன்றாடும் நாளாக 1989இல் முதலில் அறிவித்தவர் கொன்ஸ்தாந்திநோப்பிளின் முதுபெரும் தந்தை. நல்ல வழக்கம்தான். நாமும் கொண்டாடுகிறோம், அன்று மரக்கன்று நடுகிறோம், படம் எடுக்கிறோம். ஆனால் செப்டெம்பரில் நம் மண் எப்படி இருக்கிறது? கச்சான் காற்று மாதக்கணக்கில் அடித்துக் காய்ந்த தரை. கிணற்று நீர் அடியில் கிடக்கும். வீட்டுக்கே நீர் இல்லாத நாளில் கன்றுக்கு யார் ஊற்றுவார்? வடகீழ்ப் பருவமழை இறங்கும் ஒக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வைத்த கன்றுதான் இங்கே பிழைக்கும். எங்கிருந்தோ வந்த நாட்காட்டியை நம் மழைக்கு ஏற்ப வளைக்கும் துணிவு நமக்கு வேண்டும்.

அப்படியானால் செப்டெம்பரில் என்ன செய்வது? வாய்க்கால் துப்புரவாக்கலாம். மதகுகளில் அடைத்த பிளாஸ்ரிக்கை அகற்றலாம். கிணறு இறைத்துச் சுத்தம் செய்யலாம். மண்டபக் கூரையையும் மலசலகூடத்தையும் திருத்தலாம். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு இறங்கும் சபையே படைப்பின் காலத்தைச் சரியாகக் கொண்டாடும் சபை.

நடுவதிலும் கவனம் வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டன. 2017இல் வெளியான ஆய்வொன்று 23 இடங்களைச் சென்று பார்த்தது. அவற்றில் 9 இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் ஐந்தில் ஒரு பங்களவே தேறியிருந்தது. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்டபின் பராமரிப்பின்மை ஆகியவை காரணங்கள். கண்ணா மரம் எந்தச் சேற்றில் தானாக முளைக்கிறது என்று களப்பில் தூண்டில் போடும் முதியவருக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் நட்டார்கள். நாம் நடுவதானால், எத்தனை நட்டோம் என்பதை விட்டு, மூன்றாம் ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்று சபைக் கூட்டத்தில் அறிக்கை வைக்க வேண்டும்.

அடுத்தது திருவருகைக் காலம். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய அந்த நான்கு வாரங்களும் நமக்கு வெள்ள வாரங்கள். விழித்திருங்கள், ஆயத்தமாயிருங்கள் என்று வாசகங்கள் சொல்லும் நாட்களிலேயே ஆறு பெருகுகிறது, வெள்ளத்தைக் கடலுக்குள் விட முகத்துவாரம் வெட்டும் பேச்சு எழுகிறது. உலகில் வேறெந்தத் திருச்சபைக்கும் இத்தனை பொருத்தமான திருவருகைக் காலம் வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை. அதன் முதல் ஞாயிற்றுக்குள் ஒவ்வொரு பங்கிலும் ஒரு பட்டியல் இருக்க வேண்டும்: தனியே வாழும் முதியோர், நடக்க இயலாதோர், நிறைமாதப் பெண்கள், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குக் கிழமைதோறும் வைத்தியசாலை போவோர். யார் வீட்டுக்கு யார் போவது, எந்த வாகனம், எந்த வழி என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். கறோல் குழு வீடு வீடாகப் போகிறதே, அந்தக் குழுவே பட்டியலைச் சரிபார்க்கலாம். நத்தார் அலங்காரச் செலவில் பாதியை ஒக்டோபரிலேயே இடர் நிதியாக ஒதுக்கிவிடலாம்.

தவக்காலம் வெயிலை நோக்கிப் போகும் காலம். ஏப்ரல் நண்பகலில் முதியோரையும் பிள்ளைகளையும் வைத்துத் திறந்த வெளியில் சிலுவைப் பாதை நடத்துவது இனி ஆபத்து. அதிகாலைக்கு மாற்றலாம், வழியில் நிழலும் நீரும் வைக்கலாம். இவை சிறிய மாற்றங்கள். செலவும் மிகக் குறைவு.

5. கேட்டபின் பேசுதல்

2021 ஏப்ரலில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. மண்ணின் நலனுக்காகச் செய்வதாகச் சொன்னது. வயற்காரரிடம் கேட்கவில்லை, மாற்று உரம் இருக்கவில்லை, மாறுவதற்குக் காலமும் கொடுக்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது அந்தப் பெரும்போகம் கைவிட்டுப் போயிருந்தது. சேதன விவசாயம் என்ற சொல்லையே கேட்க விரும்பாத விவசாயிகள் இன்றும் நம் ஊரில் இருக்கிறார்கள். நல்ல நோக்கத்தை மேலிருந்து திணித்தால் அந்த நோக்கமே செத்துப்போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. சூழல் பணிக்குப் புறப்படும் குருவானவரும் போதகரும் இதை மறக்கக்கூடாது.

மன்னாரில் 2025இல் நடந்ததையும் பாருங்கள். காற்றாலைகளுக்கும் இல்மனைற் மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் தெருவில் இறங்கியபோது, கத்தோலிக்கக் குருமார் அவர்களோடு நின்றார்கள். காற்றாலை நல்லதுதானே, திருச்சபை ஏன் எதிர்க்கிறது என்று கேள்வி நேரத்தில் ஒரு தம்பி கேட்டார். காற்று மின்சாரம் நமக்கு வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தாழ்வான ஒரு தீவில் எத்தனை காற்றாலை, எங்கே, வெள்ளநீர் எந்த வழியால் வடியும் என்பவற்றை அங்கே வாழ்பவரைக் கேளாமல் முடிவு செய்யக்கூடாது. குருமார் மக்களோடு நின்றது சரி. அதோடு, எங்கே அமைக்கலாம் என்று சொல்வதிலும் அவர்கள் பங்கெடுக்க வேண்டும். மறுப்போடு நின்றுவிட்டால் நுரைச்சோலையின் புகை தொடரும்.

நமக்கு மிக அருகில் கேட்க வேண்டியவர்கள் அளிக்கம்பையில் இருக்கிறார்கள். தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்டு, ஒரு காலத்தில் நாடோடிகளாக வாழ்ந்து, இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் குடியமர்ந்த வனக்குறவர் சமூகம் அது. பெரும்பாலும் கத்தோலிக்கர். கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு மழை பிந்தினாலும் பட்டினி, மிஞ்சினாலும் பட்டினி. இந்த மாவட்டத்துத் திருச்சபை காலநிலை பற்றி எந்தத் திட்டம் போட்டாலும் முதற்கூட்டம் அளிக்கம்பையில் நடக்கட்டும். அவர்கள் தேவையை அவர்களே வரிசைப்படுத்தட்டும், நாம் எழுதிக்கொள்வோம்.

6. அயலவரோடு

2024 நவம்பர் 26. நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் வெள்ள விடுமுறைக்கு வீடு திரும்பும் வழியில், காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் வீதியை மேவிய வெள்ளத்தில் அவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் கவிழ்ந்தது. மதரசா மாணவர்கள் பலர் உயிரிழந்தனர். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் கிடக்கும் வீதி அது. மேலே ஓர் ஊர் மதகைத் திறந்தால் கீழே அடுத்த ஊர் மூழ்கும் நிலம் நம்முடையது. சின்னமுகத்துவாரம் எப்போது வெட்டப்பட வேண்டும் என்பதில் வயற்காரரின் கணக்கு ஒன்று, மீன்பிடிப்பவரின் கணக்கு வேறொன்று. எந்தப் பங்கும் தனியாக இந்த நீரைக் கையாள முடியாது.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஊர் முழுவதையும் ஒலிபெருக்கியில் எழுப்பும் வலிமை உண்டு. கோயில் பரிபாலன சபைக்கு மேட்டு நிலமும் மடைப்பள்ளியும் உண்டு. வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைக்கு ஒவ்வொரு வாய்க்காலும் தெரியும். நமக்கு வெளித் தொடர்பும், பதிவெழுதும் பழக்கமும், மண்டபங்களும் உண்டு. நம்பிக்கையளவிலும் தடையில்லை. 2015 ஓகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் காலநிலை குறித்து வெளியிட்ட பிரகடனமும், அதற்கு இரு மாதம் முன்பு வெளியான பாப்பரசரின் மடலும் ஒரே திசையில்தான் பேசுகின்றன. காரைதீவிலே சைவக் குடும்பத்தில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். நம் கட்டடங்களில் அயலவர் பிள்ளைகள் படித்து உயர்ந்ததுபோல, அயலவரின் உயிரும் அங்கே காக்கப்படலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஆழிப்பேரலைக்குப் பின் உதவிப் பொதியோடு மதப் பிரசுரத்தையும் சேர்த்துக் கொடுத்த சில குழுக்களால், கிறிஸ்தவர் தரும் எதிலும் மதமாற்றம் ஒளிந்திருக்கிறது என்ற சந்தேகம் இந்த மாவட்டத்தில் வேரூன்றியது. அது முழுவதும் பொய்யென்று நம்மால் சொல்ல முடியாது. இடர்க்காலப் பணியில் பிரசங்கமும் பிரசுரமும் இல்லை என்று நம் சபைகள் எழுத்தில் உறுதி தர வேண்டும். அதை அயலவர் கையில் கொடுக்க வேண்டும்.

அன்பர்களே, இந்த மேடையை விட்டு இறங்குமுன் பங்குப் பேரவைகளையும் சபைக் குழுக்களையும் பார்த்துக் கேட்கிறேன். ஒக்டோபர் மழைக்கு முன் ஒரு கூட்டம் கூட்டுங்கள். இடம் தேவாலயமாக இருக்க வேண்டியதில்லை. பாடசாலை மண்டபமும் போதும். அழைப்புக் கடிதத்தைப் பள்ளிவாசல் நிர்வாக சபைக்கும், கோயில் பரிபாலன சபைக்கும், வட்டவிதானைக்கும், மீனவர் சங்கத்துக்கும், கிராம உத்தியோகத்தருக்கும் அனுப்புங்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு விடயம் இருக்கட்டும்: இந்த மாரியில் எந்த வீட்டிலிருந்து யாரை, யார், எந்த வழியால் அழைத்துவருவது. பெயர்களை எழுதி முடித்த பிறகே கூட்டத்தைக் கலையுங்கள்.